டாக்டர் தாலிமெரன் ஆவோ (1918 – 1998)

மாலையில் தோட்டத்து மைதானத்தில் பந்து உதைத்துவிட்டு, இரவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களே, நம் பசறை, லுணுகலை போலவே மலைசூழ்ந்தது சாங்கிக் கிராமம். இன்றைய நாகாலாந்திலுள்ள அவ்வூரில் பிறந்தவர் ஆவோ. மகன் வைத்தியராக வேண்டும் என்பதே 1935இல் காலமான தந்தையின் விருப்பம்; மகனுக்கோ உதைபந்தாட்டத்தில் தீராத ஆசை. ஆவோ இரண்டையும் விடவில்லை. கல்கத்தாவில் மருத்துவம் கற்றுக்கொண்டே மோகன் பகான் கழகத்தின் மத்தியகள வீரராக ஆடி, பின்னர் அதன் தலைவரானார்.

1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். பலர் வெறுங்காலுடனேயே ஆடினர். இரண்டு தண்ட உதைகள் வீணாகின. பிரான்ஸ் 2–1 என வென்றது. அந்தப் புகழோடு நகரத்திலேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றபின் சொந்த மலைக்கே திரும்பி, கோஹிமா வைத்தியசாலையில் பணியாற்றினார். 1978இல் ஓய்வுபெறும்போது அவர் நாகாலாந்தின் சுகாதார சேவைகள் பணிப்பாளர்.