பாதி விலை பாட்டா!

குட்டீஸ்... 'பாட்டா' ஷூ போட்டிருப்பீர்கள். இந்தியக் கம்பெனி என்றுதானே நினைத்தீர்கள்? அது ஒரு மனிதரின் பெயர்!

தாமஸ் பாட்டா, 1876ல் இன்றைய செக் குடியரசின் ஸ்லின் ஊரில், பரம்பரையாகச் செருப்பு தைக்கும் குடும்பத்தில் பிறந்தார். 1894ல் அண்ணன், அக்காவுடன் சேர்ந்து பட்டறை துவங்கினார். சீக்கிரமே கடன் கழுத்தை நெரித்தது. தோல் வாங்கப் பணமில்லை. என்ன செய்தார் தெரியுமா? கித்தான் துணியில் ஷூ தைத்தார்! நன்றாக விற்றது. 1904ல் அமெரிக்கா போய், ஷூ தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாக வேலை பார்த்து, இயந்திர நுட்பங்களைக் கற்றுத் திரும்பினார்.

1922ல் பெரும் சோதனை. நாட்டில் பொருளாதார நெருக்கடி. ஷூக்கள் விற்காமல் தேங்கின. விலையைப் பாதியாகக் குறைத்தார் பாட்டா. சம்பளத்திலும் 40 சதவீதம் வெட்டு! யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால், தொழிலாளர்களுக்கு உணவு, துணிமணிகளைப் பாதி விலைக்குக் கொடுத்தார். ஷூக்கள் விற்றன, தொழிற்சாலை பிழைத்தது.

திருப்பூர் மண்ணரையில் இருக்கும் குட்டீசுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பனியன் கம்பெனியில் கட்டிங் கோணலானால், அவதி டெய்லருக்குத்தான். பாட்டா இதற்கு 1924ல் ஒரு வழி செய்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரவு - செலவு, வாரம்தோறும் கணக்கு. வெட்டிய தோலை, தைக்கும் பிரிவு விலை கொடுத்து 'வாங்க' வேண்டும்! லாபம் வந்தால் தொழிலாளிக்கும் பங்கு. தோல் வீணானால் பங்கு குறையும். அப்புறம் யார் துண்டுகளை வீணாக்குவார்?

1932 ஜூலை 12ல் விமான விபத்தில் பாட்டா இறந்தார். 1934ல் கோல்கட்டா அருகே உருவான தொழிற்சாலை ஊருக்கு, பாட்டா நகர் என்றே பெயர்.