ஹீப்ருவும் ஸ்வீடிஷும் சொந்தமா? மொழிகளுக்கு 'டிஎன்ஏ டெஸ்ட்' எடுத்த கால்டுவெல்லின் கதை

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் தமிழ் மட்டுமா காதில் விழும்? ஊரையே 'அருணாசலம்' என்று அழைக்கும் தெலுங்கு பக்தர்கள், பெங்களூருவில் இருந்து வந்த கன்னடக் குடும்பங்கள், ரமணாசிரமம் பக்கம் போனால் ஐரோப்பியர்கள், இஸ்ரேலியர்கள் என்று ஏகப்பட்ட மொழிகள். இதில் எது எதுக்குச் சொந்தம்? 'மூன்று' என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தமிழில் மூன்று, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. ஸ்வீடிஷில் 'த்ரே', இந்தியில் 'தீன்', சமஸ்கிருதத்தில் 'த்ரி'. ஹீப்ருவில் 'ஷலோஷ்', அரபியில் 'தலாதா'. ஆக, இங்கே இருப்பது மூன்று தனித்தனி குடும்பங்கள். ஐரோப்பாவின் வடகோடியில் பேசும் ஸ்வீடிஷுக்கு ஹீப்ருவைவிட இந்திதான் நெருங்கிய சொந்தம்!

இப்படி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தமிழின் குடும்பத்தை விரிவாக நிறுவினார் ராபர்ட் கால்டுவெல்.

யார் இந்த கால்டுவெல்?

1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, அங்கிருந்த கிரேக்கப் பேராசிரியரால் மொழி ஒப்பியல் மீது ஆர்வம் வந்தது. 1838 ஜனவரியில் மதபோதகராகச் சென்னைக்கு வந்து இறங்கினார். கப்பலில் கூடவே வந்தவர் தெலுங்கு அறிஞர் சி.பி.பிரவுன். மொழிப் பைத்தியம் பிடித்த இரண்டு பேருக்கு மாதக்கணக்கில் கடல் பயணம். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்?

1841-ல் சென்னையில் இருந்து நடந்தே தெற்கே போனார். நீலகிரி வரை சுற்றி, கடைசியில் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் தங்கினார். அடுத்த அரை நூற்றாண்டு அதுதான் அவர் ஊர். அங்கே அவர் எழுப்பிய தேவாலயத்தைக் கட்டி முடிக்க 33 வருஷம் ஆனது.

அதுவரை என்ன நம்பினார்கள்?

ஐரோப்பாவில் ரொம்ப காலம் ஓடிய நம்பிக்கை இது: ஆதாம் பேசியது ஹீப்ரு, எல்லா மொழிகளும் அதில் இருந்து கிளைத்தவை. 1786-ல் கொல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை இந்தப் பார்வையை மாற்றியது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே வேரில் இருந்து வந்திருக்க வேண்டும் என்றார். ஸ்வீடிஷும் அந்தக் குடும்பம்தான். ஹீப்ரு அதில் சேராது.

ஆனா, இந்தியாவில் இன்னொரு நம்பிக்கை முளைத்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்பதுதான் அது. அதை முதலில் ஆதாரத்தோடு மறுத்தவர் சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ். ஆண்டு 1816. அவர் 1819-லேயே இறந்துவிட, பேச்சு அடங்கிப்போனது.

1856-ல் என்ன நடந்தது?

கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளியானது. 'திராவிட' என்ற பழைய வடமொழிச் சொல்லை ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைக்கச் செய்தது இந்தப் புத்தகம்தான். 1875-ல் வந்த இரண்டாம் பதிப்பில் தோடர், கோத்தர், கோண்டு மொழிகள் உட்பட 12 மொழிகள் இடம்பிடித்தன.

அவர் எதைப் பார்த்தார்? கடன் வாங்க முடிகிற சொற்களை ஒதுக்கினார். எண்கள், நான்-நீ போன்ற சொற்கள், உறுப்புப் பெயர்கள், விகுதி சேரும் விதம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டார். தமிழில் 'நீ', கன்னடத்தில் 'நீனு', தெலுங்கில் 'நீவு'. இதெல்லாம் சந்தையில் வாங்கும் சரக்கு இல்லை, வீட்டில் பிறப்பது.

ஏன் சொல் ஒற்றுமை மட்டும் போதாது? ஸ்வீடிஷிலும் 'மாங்கோ', ஹீப்ருவிலும் 'மாங்கோ'. இரண்டும் சொந்தம் என்று அர்த்தமா? இல்லை. நம்ம ஊர் மாங்காய் போர்த்துகீசியர் வழியாக உலகம் சுற்றியது, அவ்வளவுதான். இலக்கணத்துக்குள் போனால் வித்தியாசம் பளிச்செனத் தெரியும். குறிப்பிட்ட ஒரு வீட்டைச் சொல்ல, ஸ்வீடிஷ் 'ஹூஸ்' என்ற சொல்லின் கடைசியில் ஒட்டு சேர்த்து 'ஹூசெத்' என்கிறது. ஹீப்ருவோ முன்னால் சேர்த்து 'ஹபாயித்' என்கிறது. போதாததற்கு ஹீப்ருவில் மெய்யெழுத்துகள் அப்படியே நிற்க, நடுவில் உயிரொலி மட்டும் மாறும்: 'கதவ்' என்றால் எழுதினான், 'கொதேவ்' என்றால் எழுதுகிறான்.

அவர் சறுக்கிய இடம்

தமிழ் பைபிள் திருத்தக் குழுவிலும் இருந்தவர் கால்டுவெல். ஹீப்ருவையும் தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் என்பதால் ஒரு சொல் அவர் கண்ணில் பட்டது. சாலமோன் ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களுக்கு ஹீப்ருவில் 'துக்கி' என்று பெயர். இது தமிழின் 'தோகை'தான் என்றார். பல அறிஞர்கள் இன்றும் இதை ஏற்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். சுவாரஸ்யம் என்னன்னா, இன்றைய ஹீப்ருவில் 'துக்கி' என்றால் கிளி!

இது கடன் சொல். கடல் வணிகத்துக்குச் சான்று, ரத்த சொந்தத்துக்கு இல்லை. ஆனா கால்டுவெல் அதோடு நிற்கவில்லை. அப்பா-அம்மா மாதிரியான ஒலி ஒற்றுமைகளையும் பட்டியல் போட்டார். ஃபின்னிஷ், துருக்கி மொழிகளோடு திராவிடத்துக்கு உறவு இருக்கிறது என்றும் நம்பினார். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. குழந்தை முதலில் உளறும் ஒலிகள் 'ப', 'ம' என்பதால், அப்பா-அம்மா சொற்கள் சம்பந்தமே இல்லாத மொழிகளிலும் ஒரே மாதிரி இருக்கும்.

மனிதர்கள் பற்றிய எழுத்திலும் தவறினார். நாடார் சமூகம் குறித்து 1849-ல் அவர் வெளியிட்ட புத்தகம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

மிச்சம் என்ன?

1877-ல் பிஷப் ஆனார். 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் சிலை எழுந்தது.

சிலையைவிட முக்கியம் அந்த அளவுகோல். தமிழ் சமஸ்கிருதத்தில் இருந்து பிறக்கவில்லை என்று நிரூபித்த அதே அளவுகோல்தான், ஹீப்ருவும் ஸ்வீடிஷும் தமிழில் இருந்து பிறக்கவில்லை என்றும் சொல்கிறது. ஒன்றை மட்டும் கைதட்டி ஏற்றுக்கொண்டு மற்றதை மறுக்க முடியாது. உலக மொழிகளுக்கெல்லாம் தமிழ்தான் தாய் என்று வாட்ஸ்அப்பில் நாலு சொற்களோடு ஃபார்வர்டு வந்தால், அந்த மொழியில் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு என்ன சொல் என்று ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு மத்தவங்களுக்கு அனுப்பலாம்.