ஓடாநிலை

ஈரோட்டிலிருந்து காங்கயம் செல்லும் வழியில் அறச்சலூர் என்னும் ஊர் உள்ளது. பழைய இசைக் கல்வெட்டொன்றினால் தமிழறிஞர் பலரும் அறிந்த ஊர் அது. அதற்கு அணித்தாக ஒரு சிற்றூர் உண்டு. அதன் பெயர் ஓடாநிலை. ஓடாத நிலை என்பதே ஓடாநிலை என நின்றது. இலக்கணம் பயிலும் மாணவர் இதனை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடர் என எளிதில் கண்டுகொள்வர். களத்தில் புறங்காட்டி ஓடாத வீரர் உறைந்த இடமாதலின் இப்பெயர் அமைந்தது என்று கூறுவாருளர்.

இவ்வூரில் கோட்டை கட்டி வாழ்ந்து, ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்து நின்றவர் தீரன் சின்னமலை. அவரே ஓர் இரவில் அக்கோட்டையை விட்டு வெளியேறினார். மறுநாள் உள்ளே புகுந்த பகைவர் கண்டது வெறுங்கோட்டை. அங்ஙனமாயின், ஓடாநிலையின் தலைவர் ஓடினாரா? அவர் வாழ்க்கையைப் படிப்போர் உள்ளத்தில் இவ்வினா எழாமல் இராது. விடை காண்பதற்கு அவர் வரலாற்றோடு போர்முறை பற்றியும் சிறிது அறிதல் வேண்டும்.

காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அவர் பிறந்தார் என்பர். தந்தையார் இரத்தினசாமி, தாயார் பெரியாத்தாள். பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி என்பது. இளமையிலேயே சிலம்பம், வாட்போர், குதிரையேற்றம் முதலியவற்றைக் கற்றுத் தேர்ந்த அவர், தம்மை ஒத்த இளைஞர்க்கும் அவற்றைப் பயிற்றுவித்தார். அக்காலத்தில் கொங்கு நாடு மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இங்குத் தண்டிய வரிப்பணத்தை மைசூருக்குக் கொண்டு செல்வது வழக்கம். ஒருநாள் தீர்த்தகிரி அப்பணத்தை வழிமறித்துக் கைப்பற்றி எளியவர்க்குப் பங்கிட்டு அளித்தார் என்றும், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னமலை அதனைப் பறித்துக்கொண்டதாகத் திவானிடம் போய்ச் சொல்லுமாறு தண்டற்காரரை அனுப்பினார் என்றும் ஒரு செய்தி கொங்கு நாட்டில் வழிவழியாக வழங்குகிறது. அன்று முதல் சின்னமலை என்பதே அவர் பெயராயிற்று.

மைசூரார்க்கு வரி செலுத்த மறுத்த அவரே பின்னாளில் மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்குத் துணையாக நின்றார். இதில் வியப்பில்லை. கடல் கடந்து வாணிகத்துக்கு வந்த கும்பினியார் நாடு கொள்ளத் தொடங்கியபின், பழம்பகை சிறிதாகவும் புதுப்பகை பெரிதாகவும் தோன்றிற்று. கொங்கு இளைஞர் பலரைத் திரட்டிக்கொண்டு சின்னமலை மைசூர்ப் போரில் கலந்துகொண்டார்.

1799ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் மழவல்லியில் திப்புவின் படை நிலைகுலைந்து பின்வாங்கியது. மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினக் கோட்டை வீழ்ந்தது. திப்புவும் களத்தில் பட்டார். அரசன் மாண்டான், கோட்டை போயிற்று, கூலி கொடுப்பாரும் இல்லை. இந்நிலையில் எஞ்சிய வீரர் ஊர் திரும்புதலன்றி வேறென் செய்வர்? சின்னமலையும் அவரைச் சார்ந்தோரும் கொங்கு நாட்டுக்கு மீண்டனர். ஓடாநிலையில் பின்னர் அமைந்த படையின் முதல் வீரர் இங்ஙனம் தோற்ற களத்திலிருந்து திரும்பி வந்தவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் பகைவர் பக்கத்துச் செய்தி ஒன்றையும் கூறுதல் தகும். சீரங்கப்பட்டின முற்றுகையின்போது, ஏப்ரல் 5ஆம் நாள் இரவு, சுல்தான்பேட்டை என்னும் தோப்பைக் கைப்பற்ற ஆங்கிலத் தளபதி ஒருவர் அனுப்பப்பட்டார். காரிருளில் வழி தெரியாமலும் திப்புவின் வீரர் எறிந்த வாணங்களுக்கு ஆற்றாமலும் அவர் படை சிதறியது. தளபதியும் மனங்கலங்கிப் பாசறைக்குத் திரும்பினார். அவருடைய மேல்தளபதியாகிய ஹாரிஸ் அவரைத் தள்ளிவிடவில்லை; மறுநாள் அதே பணியை அவரிடமே மீண்டும் ஒப்படைத்தார். பகல் வெளிச்சத்தில் தோப்புக் கைவசமாயிற்று. அத்தளபதியே ஆர்தர் வெல்லெஸ்லி. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்றவர் அவர்தாம். அன்றிரவு நிகழ்ந்ததைக் கொண்டே அவரைத் தீர்த்துக் கட்டியிருந்தால், ஆங்கிலேயர் ஒரு பெருந்தளபதியை இழந்திருப்பர்.

போரில் ஓடும் வீரனை என்செய்வது என்பது எல்லா நாட்டுத் தலைவரையும் வருத்திய கேள்வியாகும். உரோமர் ஒரு கொடிய முறையைக் கையாண்டனர். புறங்காட்டிய படைப்பிரிவில் சீட்டுப் போட்டுப் பத்துப் பேருக்கு ஒருவனைத் தேர்ந்தெடுத்து, ஏனைய ஒன்பதின்மரைக் கொண்டே அவனை அடித்துக் கொல்வித்தனர். முதல் உலகப் போரின்போது பிரிட்டானியப் படையில் படையை விட்டு ஓடியவர், கோழைகள் என்றெல்லாம் தீர்ப்பளித்துத் தம் வீரர் பலரைத் தாமே சுட்டுக் கொன்றனர். அவர்களுள் பலர் ஓயாத பீரங்கி முழக்கத்தால் சித்தம் கலங்கியவர்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2006ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு அவர்களில் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. மாண்டவர்க்கு மன்னிப்பினால் பயன் யாது? எனினும் அவர்தம் குடும்பத்தார் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சுமந்த பழி அன்று நீங்கிற்று.

நம் முன்னோரும் புறமுதுகிடுதலைப் பெரும்பழியாகக் கருதினர். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை மாணவர் அறிவர். மகன் களத்தில் முதுகு காட்டினான் எனப் பலர் கூறக் கேட்ட முதியவள் சினந்து வஞ்சினம் கூறினாள். வாளேந்திக் களம் புகுந்தாள். பிணங்களைப் புரட்டித் தேடினாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, ஈன்ற பொழுதினும் பெரிது மகிழ்ந்தாள். இப்பாட்டைப் படிப்போர் அத்தாயின் மறத்தையே பெரிதும் பாராட்டுவர். நான் மாணவர்க்கு இதனைக் கற்பிக்குந்தோறும் மற்றொன்றையும் சுட்டிக் காட்டுவதுண்டு. ஊரார் கூறியது பொய். அவள் களத்துக்குச் சென்று தன் கண்ணால் காணாதிருந்தால், மாவீரன் ஒருவன் கோழை என்னும் பெயரோடு மண்ணில் மறைந்திருப்பான்.

போரிலும் ஓர் அறம் உண்டு என்பது நம்மவர் கொள்கை. தோற்றுப் புறங்கொடுத்து ஓடுவோர்மேல் படைக்கலம் ஓச்சாத பெருமையைத் தழிஞ்சி எனப் புறப்பொருள் வெண்பாமாலை ஒரு துறையாக வகுத்துரைக்கும். இது பகைவனிடத்துக் காட்டும் அருள். தன் வீரரிடத்துத் தலைவன் காட்ட வேண்டிய பரிவை நெடுநல்வாடையில் காணலாம். பாண்டியன் நெடுஞ்செழியன் குளிர்மிக்க நள்ளிரவிலும் உறங்காது, பாசறையில் புண்பட்டுக் கிடக்கும் வீரரைத் தானே நேரில் சென்று கண்டு ஆறுதல் கூறுகின்றான். வள்ளுவப் பெருந்தகையோ படைமாட்சி என்னும் அதிகாரத்தில், வறுமையும் மனக்கசப்பும் இல்லாத படையே வெல்லும் என்றும், நிலைத்து நிற்கும் வீரர் எத்துணைப் பேர் இருப்பினும் தலைவர் இல்லையேல் படையே இல்லை என்றும் கருத்துரைக்கின்றார். வீரன் ஓடுகின்றான் எனின், அவன் காலை மட்டும் நோக்காது, அவன் வயிற்றையும் உள்ளத்தையும் தலைவனையும் நோக்குக என்பது அவர் கருத்தாக நமக்குப் படுகிறது.

இனி, சின்னமலையின் வரலாற்றுக்கு மீள்வோம். ஓடாநிலையில் அவர் கோட்டை எழுப்பிப் படை திரட்டினார். அப்படையில் உழவர்குடி இளைஞரும் பிற குடியினரும் கலந்திருந்தனர். அவருடைய உடன்பிறந்தார் பெரியதம்பி, கிலேதார் ஆகியோரும், கருப்பசேர்வை என்னும் மெய்த்தோழரும் அவருக்கு வலக்கையாக விளங்கினர். விருப்பாட்சி கோபால நாயக்கர் முதலிய பாளையக்காரரோடு சேர்ந்து, கோயமுத்தூர்க் கோட்டையில் இருந்த கும்பினிப் படையைத் தாக்க ஒரு திட்டம் உருவாயிற்று. 1800ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அதற்கெனக் குறிக்கப்பட்டது.

திட்டம் நன்று, நிறைவேற்றம் பிழைத்தது. பல திசையிலிருந்தும் வந்து ஒன்றுகூட வேண்டிய படைகள் உரிய வேளையில் ஒன்றுகூடவில்லை. கும்பினியார் விழித்துக்கொண்டனர். தாக்க வந்தோர் சிதறினர். பிடிபட்டோருள் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். கொங்கு நாட்டு ஊர்கள் பலவற்றில் அன்று அழுகுரல் எழுந்திருக்கும்.

தலைவன் ஒருவனுக்கு இதனினும் கடிய சோதனை இல்லை. சிதறியவர் ஓடிப்போனவர் என்று சினந்து அவர்களைத் தண்டிக்கப் புகுந்திருந்தால் அவரிடம் படையே எஞ்சியிராது. அவ்வீரர்க்குத் திங்கள்தோறும் சம்பளம் அளிக்கும் கருவூலம் இல்லை. தப்பியோடியவனைத் தேடிப் பிடிக்கும் காவலும் இல்லை. வீட்டிலே உழவும் மாடும் கன்றும் காத்திருந்தன. திரும்பி வராதிருக்க ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருந்தது. அவ்வாறிருந்தும் அடுத்த ஆண்டே சின்னமலை களத்தில் நின்றார். 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் கும்பினிப் படையை அவர் எதிர்த்துப் பொருதார் என்பர். தனி ஒருவர் படையோடு பொருதல் இயலுமோ? கோயமுத்தூரில் தோல்வி கண்ட பின்னரும் அவர் பின்னே வர ஆட்கள் இருந்தனர். அச்சுறுத்தி அழைத்தால் ஒருமுறை வருவர், மும்முறை வாரார்.

இறுதியில் கும்பினியார் பெரும்பீரங்கிகளோடு ஓடாநிலையை முற்றுகையிட முனைந்தனர். சின்னமலையின் கோட்டை அவற்றைத் தாங்கவல்லதன்று. அப்பொழுது வேலப்பன் என்பவர் செய்த தொண்டு கொங்கு நாட்டில் இன்றும் பேசப்படுகிறது. சின்னமலையின் வீரருள் ஒருவராகிய அவர் பகைவர் கையில் அகப்பட்டு, அவர்கள் பாசறையிலேயே பணிசெய்து வந்தார். பீரங்கிப்படை வருவதை அறிந்ததும் ஓலை எழுதிக் கமுக்கமாகத் தம் தலைவருக்கு அனுப்பினார். ஊரார் கண்ணுக்கு வேலப்பன் படையை விட்டுப் பகைவரிடம் போனவராகவே தோன்றியிருப்பார். புறநானூற்றுத் தாய் கேட்ட பழிச்சொல் போன்றதே அதுவும்.

ஓலையைக் கண்ட சின்னமலை நின்று மாள்வதா, நீங்கி வாழ்வதா என ஆராய்ந்தார். நின்றால் அவரோடு அனைவரும் ஒரே நாளில் மாள்வர். அவர் தம் வீரரோடு இரவிலே கோட்டையை விட்டு நீங்கினார். கும்பினியார் வந்து பார்த்தபோது ஆள் இல்லை. விட்டுச் சென்ற காலணி ஒன்றைப் பிரித்துப் பார்க்க, உள்ளே வேலப்பன் எழுதிய ஓலை இருந்ததாம். உடனே அவரைச் சுட்டுக் கொன்றனர் என்பது வழக்கு. கோட்டையைப் பீரங்கி வைத்து இடித்துத் தரைமட்டமாக்கினர்.

இதனை ஓட்டம் எனல் பொருந்தாது. அஞ்சியவன் தன் உயிரை மட்டும் நோக்கி, அருகில் நிற்பவனைக் கைவிட்டு ஓடுவான். சின்னமலை தம் வீரரை உடன்கொண்டு நீங்கினார். மீண்டும் பொருதற்கு இடம் தேடினார். ஆயினும் ஒரு குறையை மறைத்தல் வரலாறு எழுதுவோர்க்கு அழகன்று. உயிர் கொடுத்துச் செய்தி அனுப்பிய தொண்டனின் ஓலையை எரிக்காமல் விட்டுச் சென்றமை பெரும்பிழை. விரைவில் நேர்ந்த பிழையே எனினும், அதற்குரிய விலையைக் கொடுத்தவர் வேலப்பன்.

பழனிமலைத் தொடரைச் சார்ந்த கருமலையில் அவர் சிலகாலம் மறைந்து வாழ்ந்தார். அங்கே அவரை வீழ்த்தியது பீரங்கியன்று. சமையற்காரனாகிய நல்லப்பன் கும்பினியார் காட்டிய பொருளுக்கு ஆசைப்பட்டான் என்பர். உண்ணும் வேளையில், வாள் கைக்கு எட்டாத நிலையில் சின்னமலையும் உடனிருந்தோரும் பிடிபட்டனர். களத்தில் கால் தளர்ந்தவரைத் தாங்கி அணைத்த தலைவருக்கு, அடுக்களையில் நின்றவன் உள்ளம் தெரியாமற் போயிற்று.

கும்பினி ஆட்சியை ஒப்புக்கொண்டு வரி செலுத்த இசைந்தால் உயிர் பிழைக்கலாம் எனக் கூறப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்பது கொங்கு நாட்டார் நம்பிக்கை. 1805ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் அவரும் அவருடைய உடன்பிறந்தாரும் கருப்பசேர்வையும் தூக்கிலிடப்பட்டனர். அன்று ஆடிப் பதினெட்டு. காவிரிக் கரை ஊர்களில் மக்கள் புதுப்புனலை வணங்கிக்கொண்டிருந்த நாள் அது.

2005ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. ஓடாநிலையில் தமிழக அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டன்று கொங்கு நாட்டு மக்கள் சங்ககிரிக்கும் ஓடாநிலைக்கும் சென்று மாலை சூட்டி வருகின்றனர்.