‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த மனிதர்... டோஸ்கனினியின் கதை!

உங்களுக்கு 19 வயசுன்னு வெச்சுக்கோங்க. ஊரைவிட்டு, கடல் தாண்டி ஒரு இசை நாடகக் குழுவோட போயிருக்கீங்க. இசைக்குழுவில் ஓரமா உட்கார்ந்து செல்லோ வாசிக்கிறதுதான் உங்க வேலை. திடீர்னு ஒரு ராத்திரி, அரங்கம் முழுக்கக் கூச்சல் போட்டுக்கிட்டு இருக்கும்போது, கூட இருக்கிறவங்க எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்த்து, நீ போய் இந்த ஷோவை நடத்துன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

1886-ம் ஆண்டு, ஜூன் 30. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ. ஓர் இத்தாலியக் குழு, வெர்டியின் ‘ஐடா’ ஓபராவை மேடையேற்ற வந்திருந்தது. குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு உள்ளூர் கண்டக்டர் விலகிவிட்டார். தங்கள் ஊர்க்காரரை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று ரசிகர்களுக்குக் கோபம். பதிலுக்கு மேடையேறிய இத்தாலியரைக் கூச்சல் போட்டே இறக்கிவிட்டார்கள். ஷோ நடக்கவில்லை என்றால் குழுவுக்குச் சோறு இல்லை.

அப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது, செல்லோ வாசிக்கும் அந்தக் குட்டைப் பையன்தான். அவனுக்கு மொத்த ஓபராவும் மனப்பாடம் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். பையன் மேடைக்கு முன்னால் வந்து நின்றான். இசைக்குறிப்புப் புத்தகத்தை மூடிவைத்தான். கோலைத் தூக்கினான். நான்கு அங்கங்களையும் ஒரு குறிப்பைக்கூடப் பார்க்காமல் நடத்தி முடித்தான். கத்தவந்த கூட்டம் கைதட்டிவிட்டுப் போனது.

அந்தப் பையன்தான் ஆர்த்துரோ டோஸ்கனினி. அடுத்த 68 வருஷம் அவர் அந்தக் கோலைக் கீழே வைக்கவில்லை.

இந்தக் கண்டக்டருக்கு என்ன வேலை?

கண்டக்டர் என்றதும் விசிலும் டிக்கெட்டும்தான் ஞாபகத்துக்கு வருதா? இவர் வேற. ஓபரா என்பது வசனத்துக்குப் பதிலா பாட்டாலேயே நகரும் நாடகம். மேடையில் பாடகர்கள், பின்னால் கோரஸ், கீழே இசைக்குழு என எல்லாருமாகச் சேர்ந்து நூறு பேருக்கு மேல் இருப்பாங்க. அந்தக் காலத்தில் மைக் கிடையாது. யார் எப்போ ஆரம்பிக்கணும், எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம்னு கையாலேயே சொல்றவர்தான் கண்டக்டர். அத்தனை பேரில் ஒரு சத்தமும் எழுப்பாத ஒரே ஆள் அவர்தான். ஆனா, அவர் தப்பு பண்ணினா எல்லாமே கவிழ்ந்துடும்.

டோஸ்கனினி 1867 மார்ச் 25-ல், இத்தாலியின் பார்மா நகரில் பிறந்தவர். அப்பா தையல்காரர். கையில் காசு தங்காத வீடு. ஊர் இசைப்பள்ளியில் உதவித்தொகை கிடைத்ததால் ஒன்பது வயதில் அங்கேயே தங்கிப் படிக்கப் போனார். செல்லோ கற்றுக்கொண்டார்.

அவருக்குக் கிட்டப்பார்வை. தள்ளிவைத்த தாளில் இருக்கும் குறிப்பு சரியாகத் தெரியாது. வேறு யாராவது என்றால், நமக்கு இந்தத் துறை சரிப்படாது என்று ஒதுங்கியிருப்பார்கள். இவர் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்து, ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் மண்டைக்குள் ஏற்றிக்கொண்டார். ரியோவில் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான். அது அதிர்ஷ்டம் இல்லீங்க, யாருக்கும் தெரியாம பண்ணிவெச்ச ஹோம்வொர்க்.

ஒன்ஸ் மோர் கிடையாது!

ஊர் திரும்பிய டோஸ்கனினி, புகழ் வந்துவிட்டதே என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவில்லை. 1887-ல் மிலன் நகரின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் ‘ஒத்தெல்லோ’ முதன்முதலாக மேடையேறியபோது, மறுபடியும் செல்லோ வரிசையில் போய் உட்கார்ந்தார். வெர்டி எப்படி வேலை வாங்குகிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்கணும் என்பதுதான் காரணம். பிறகு சின்னச் சின்ன ஊர்களில் வருஷக்கணக்காக உழைப்பு. 1896-ல் டூரின் நகரில் புச்சினியின் ‘லா போயெம்’ முதல் மேடையேற்றத்தை நடத்தியவர் இவர்தான். 1898-ல் லா ஸ்காலாவின் இசைப் பொறுப்பு மொத்தமும் இவர் கைக்கு வந்தது. அப்போது வயது 31.

அந்தக் காலத்து ஓபரா அரங்கம் எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? நம்ம ஊர் கல்யாண ரிசப்ஷனில் ஒரு பக்கம் கச்சேரி நடக்கும், இன்னொரு பக்கம் அரட்டை ஓடும் இல்லையா? கிட்டத்தட்ட அதுதான். விளக்குகள் எரியும். பெண்கள் பெரிய தொப்பியோடு உட்கார்ந்து பின்னால் இருப்பவர்களை மறைப்பார்கள். பாட்டு பிடித்துவிட்டால் ஒன்ஸ் மோர் கேட்டு அலறுவார்கள். கதையில் கதாநாயகன் செத்துக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து இன்னொரு முறை பாடவேண்டியதுதான்.

டோஸ்கனினி அரங்கத்தில் விளக்கை அணைக்கச் சொன்னார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். ஒன்ஸ் மோர் கிடையாது என்றார். பணம் கொடுத்து வந்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1903-ல் சீசனின் கடைசி நாள், ஒரு பாடகரை மறுபடியும் பாடச் சொல்லிக் கூட்டம் விடாமல் கத்தியது. டோஸ்கனினி அசையவில்லை. கூட்டமும் அடங்கவில்லை. பாதியிலேயே அரங்கைவிட்டு வெளியேறினார். லா ஸ்காலா வேலையும் போனது. திரும்பி வர மூன்று வருஷம் ஆனது.

இதில் நாம் பார்க்கவேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கு. அவர் கோபம் சாதாரணமானது இல்லை. ஒத்திகையில் கத்துவார், கோலை முறிப்பார், புத்தகத்தைத் தூக்கி எறிவார். டூரினில் ஒரு வயலின் கலைஞரைக் காயப்படுத்தி, அது கோர்ட் வரைக்கும் போனது. மேதைக்கு எல்லாம் நியாயம்தான் என்று அன்றைக்கு விட்டுவிட்டார்கள். இன்றைக்கு உங்க ஆபீஸில் ஒரு டீம் லீடர் இப்படி நடந்துக்கிட்டா விடுவீங்களா? விடக் கூடாது. அவரிடம் எடுத்துக்கொள்ளவேண்டியது அவருடைய பிடிவாதத்தைத்தான், கோபத்தை அல்ல.

கன்னத்தில் விழுந்த அறை

அந்தப் பிடிவாதத்துக்கு உண்மையான சோதனை முசோலினி ரூபத்தில் வந்தது.

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடணும். 1919 தேர்தலில் மிலனில் முசோலினியின் கட்சிப் பட்டியலில் டோஸ்கனினி பெயரும் இருந்தது. அந்தப் பட்டியலே படுதோல்வி அடைந்தது. அன்றைக்கு அந்தக் கட்சி பேசியதெல்லாம் மாற்றம், சீர்திருத்தம். ஆட்சிக்கு வரும் பாதையில் அதன் சுயரூபம் தெரிந்ததும் டோஸ்கனினி விலகிவிட்டார். நம்பி ஏமாந்தது தப்பில்லை. ஏமாந்தது தெரிந்த பிறகும் கௌரவத்துக்காக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் தப்பு.

அதன் பிறகு, பாசிஸ்ட் கட்சியின் பாட்டை நிகழ்ச்சிகளில் இசைக்கவேண்டும் என்று நெருக்கடி வந்துகொண்டே இருந்தது. டோஸ்கனினி முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1926-ல் புச்சினியின் ‘துரான்தோ’ முதல்முறை மேடையேறியது. புச்சினி அதை முடிக்காமலேயே இறந்துபோயிருந்தார். வேறொருவர் எழுதிச்சேர்த்த முடிவு தயாராக இருந்தும், புச்சினி எழுதிய கடைசி இடம் வந்ததும் டோஸ்கனினி கோலைக் கீழே வைத்தார். மேஸ்ட்ரோ இறந்தது இந்த இடத்தில்தான் என்று சபைக்குச் சொல்லிவிட்டு நிகழ்ச்சியை நிறுத்தினார். கட்சிப் பாட்டு கிடையாது என்று டோஸ்கனினி உறுதியாக நின்றதால், அந்த ராத்திரி முசோலினி அரங்குக்கு வரவே இல்லை.

1931 மே 14, போலோன்யா நகரம். கச்சேரிக்கு மந்திரிகள் வருகிறார்கள், கட்சிப் பாட்டை வாசியுங்கள் என்றார்கள். வழக்கமான பதில்தான். மாலையில் அரங்க வாசலில் காரைவிட்டு இறங்கியவரை ஒரு கும்பல் சூழ்ந்தது. அதே கேள்வி, அதே பதில். 64 வயது மனிதரின் கன்னத்தில் அறை விழுந்தது. ஹோட்டலுக்குத் திரும்பினால் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கத்தினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மிலனுக்குக் கிளம்பினார். பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு, வீட்டுக்குக் காவல் போட்டார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் பாஸ்போர்ட் திரும்பி வந்தது.

அந்த ஒரு அறைக்குப் பிறகு அவர் அடங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் ஓபராக்களை நடத்துவதை வாழ்நாள் கௌரவமாக நினைத்தவர் அவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூதக் கலைஞர்களைத் துரத்த ஆரம்பித்ததும், அந்த அழைப்பை உதறினார். வாங்க என்று ஹிட்லரே கடிதம் எழுதியும் போகவில்லை. 1936 டிசம்பரில், அப்படித் துரத்தப்பட்டவர்கள் பலர் சேர்ந்த புது இசைக்குழு டெல் அவிவில் தன் முதல் கச்சேரியை நடத்தியது. அங்கே போய் நடத்திக்கொடுத்தார். ஒரு காசு சம்பளம் வாங்கவில்லை.

கவனிச்சீங்களா? மனசுக்கு ரொம்பப் பிடிச்ச ஒன்றை வேண்டாம்னு சொன்னதோட அவர் நிற்கலை. யாருக்குச் சரின்னு சொல்லணும்ங்கறதும் அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

கடைசி முடியாது

1937-ல் அமெரிக்காவின் என்.பி.சி வானொலி அவருக்காகவே ஓர் இசைக்குழுவை உருவாக்கியது. ஓபரா அரங்கின் வாசலை மிதிக்காத லட்சக்கணக்கான வீடுகளுக்கு அவர் இசை ரேடியோவில் போய்ச் சேர்ந்தது. போரில் குண்டு விழுந்து நொறுங்கிய லா ஸ்காலாவைத் திரும்பக் கட்டியபோது, 1946 மே 11-ல் அதைத் திறந்துவைக்கும் கச்சேரியை நடத்தியவரும் அவர்தான். விரட்டப்பட்ட யூதக் கலைஞர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கவேண்டும் என்பதிலும் பிடிவாதமாக நின்றார்.

1954 ஏப்ரல் 4. நியூயார்க்கின் கார்னெகி ஹால். வயது 87. நேரலையில் வாக்னரின் இசை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கணம், அவர் கை தடுமாறியது. 68 வருஷமாக ஏமாற்றாத ஞாபகம் அன்றைக்கு ஏமாற்றியது. பதறிப்போன வானொலிக்காரர்கள் சில நொடிகள் வேறோர் இசைத்தட்டை ஒலிக்கவிட்டார்கள். அவர் சமாளித்து நிகழ்ச்சியை முடித்தார். கைதட்டலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனார்.

மறுபடி பொதுமேடையில் கோலைத் தூக்கவில்லை. கூப்பிட ஆள் இல்லாமலா? ரசிகர்களிடமும் சர்வாதிகாரிகளிடமும் சொன்ன அதே வார்த்தையை இந்த முறை தனக்கே சொல்லிக்கொண்டார். 1957 ஜனவரி 16-ல் நியூயார்க்கில் காலமானார். உடல் மிலன் மண்ணுக்குத் திரும்பியது.

உங்க போனில் டோஸ்கனினின்னு தேடிப் பாருங்க. 1948-ல் இருந்து டிவிக்காகப் படம்பிடிச்ச கருப்பு வெள்ளைக் கச்சேரிகள் கிடைக்கும். இசை புரியலைன்னாலும் பரவாயில்லை, அவரை மட்டும் பாருங்க. எல்லாருக்கும் முன்னால் குறிப்புத் தாள் இருக்கும். அவருக்கு முன்னால் ஒண்ணுமே இருக்காது.