மண்ணில் மருந்து கண்ட மாதரசி

ஒரு நோயைத் தீர்க்கும் மருந்தே மற்றொரு நோய்க்கு வழி திறந்துவிடுவதும் உண்டு. பெனிசிலின் முதலிய மருந்துகள் 1940-களில் பரவியபோது இவ்வாறே நேர்ந்தது. அவை பாக்டீரியாக்களைக் கொன்றன; பூசண இனத்தையோ ஒன்றும் செய்யவில்லை. மனிதரின் வாயிலும் குடலிலும் அடங்கிக் கிடக்கும் காண்டிடா என்னும் பூசணம், தன்னை அடக்கி வைத்திருந்த பாக்டீரியாக்கள் மறைந்ததும் பெருகிப் படர்ந்தது. கொடிய காய்ச்சலிலிருந்து பிழைத்தவர்களும் வாயெல்லாம் வெண்புண்ணாகி, உணவை விழுங்க இயலாமல் வருந்தினர். இத்துன்பத்துக்கு மருந்து கண்ட இருவருள் ஒருவர் டாக்டர் எலிசபெத் லீ ஹேசன் அம்மையார்.

அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில், ரிச் என்னும் சிற்றூரில், பருத்தி பயிரிடும் குடும்பத்தில் 1885-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் அவர் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தந்தையுடன் பிறந்தவரின் இல்லத்தில் வளர்ந்தார். 1910-இல் பட்டம் பெற்றுப் பள்ளியாசிரியையாகப் பணிபுரிந்தார். பின்னர் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பயின்று, நாற்பது வயதைக் கடந்தபின், 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1931-இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பூசண நோய்களை ஆராயும் பொறுப்பு 1944-இல் அவரிடம் வந்தபோது வயது அறுபதை நெருங்கியிருந்தது. ஆயினும் மாணவியைப் போல் அத்துறையைப் புதிதாகக் கற்றார்.

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சில, பூசணத்தை எதிர்க்கும் பொருளைச் சுரக்கின்றன. அத்தகைய உயிரைத் தேடி அவர் பல இடத்து மண்ணையும் ஆராய்ந்தார். 1948-இல் ரேச்சல் பிரௌன் என்னும் இரசாயன அறிஞர் துணையாயினார். ஹேசன் இருந்தது நியூயார்க் நகரில். பிரௌன் இருந்தது ஆல்பனியில். ஹேசன் வளர்த்த நுண்ணுயிர்கள் கண்ணாடிச் சாடியில் தபால் வழியே ஆல்பனிக்குச் செல்லும். பிரௌன் பிரித்தெடுத்த சத்து அவ்வழியே திரும்பி வரும். பூசணத்தைக் கொன்ற சத்துக்களுள் பெரும்பாலானவை சோதனை விலங்குகளுக்கும் நஞ்சாகவே முடிந்தன. இருவரும் சோர்ந்தாரில்லை.

முடிவில், வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பரான நௌர்ஸ் குடும்பத்தாரின் பண்ணை மண்ணில் தேடியது கிடைத்தது. அதிலிருந்த நுண்ணுயிருக்கு அக்குடும்பத்தின் பெயரையே சூட்டினர். 1950-இல் உலகுக்கு அறிவிக்கப்பெற்ற அம்மருந்து, நியூயார்க் மாநிலத்தின் பெயரால் நிஸ்டாட்டின் எனப்பட்டது. அது பூசணத்தின் உயிரணுச் சவ்வைப் பற்றித் துளைத்து அழிக்கிறது. இரத்தத்தில் மிகுதியாகக் கலவாத மருந்தாகையால் வாய், குடல், தோல் ஆகியவற்றின் பூசண நோய்களுக்கு அது ஏற்றதாயிற்று. 1966-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகர் வெள்ளத்தில் மூழ்கியபின், நனைந்த ஓவியங்களைப் பூசணத்திலிருந்து காக்கவும் உதவிற்று.

அம்மருந்தின் உரிமைத் தொகையாக 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. அதில் ஒரு டாலரையும் இருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. முழுவதும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும், பின்வரும் மாணவரின் கல்விக்கும் சென்றது. உழைத்து ஈட்டும் ஊதியமே தமக்குப் போதும் என வாழ்ந்த ஹேசன் அம்மையார், 1975-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் சியாட்டில் நகரில் மறைந்தார்.

பெற்றோரையும் இழந்து, பெரும் செல்வத்தையும் துறந்த ஒருவர், பெயரும் அறியாத எத்தனையோ குழந்தைகளின் வாய்ப்புண்ணை ஆற்றிவிட்டுச் சென்றார். கொடையின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?