ஆசையாய்க் கட்டிய பங்களாவில் 5 வருஷம்தான் வாழ்ந்தார்!

லண்டன் நகரின் தென்கிழக்கே சுமார் 10 மைலில் பெக்ஸ்லிஹீத் இருக்கிறது. வரிசை வரிசையாகச் சாதாரண வீடுகள். நடுவே, மதில் சுவருக்குள் ஒரு பழைய செங்கல் பங்களா. பெயர் ரெட் ஹவுஸ். அதாவது சிவப்பு வீடு.

இதைக் கட்டியவர் வில்லியம் மாரிஸ். பெரிய கவிஞர். துணிக்கும் சுவர்க் காகிதத்துக்கும் பூ வேலைப்பாடு வரைவதில் கில்லாடி.

தாமிரப் பணம்

மாரிஸ் பிறந்தது 1834-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி. அப்பா லண்டனில் உண்டியல் தரகர். டெவன் பகுதி தாமிரச் சுரங்கத்தில் அவர் வாங்கிய பங்குகள் கிடுகிடு என்று ஏறின. மகனுக்கு 13 வயதில் அப்பா இறந்துவிட்டார். 21 வயதானதும் மாரிஸ் கைக்கு வருஷம் சுமார் 900 பவுன் வரத் தொடங்கியது. அப்போது அது கொழுத்த பணம்.

பாதிரியார் ஆகத்தான் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போனார். மனசு மாறி, ஒரு கட்டிட நிபுணரின் ஆபீசில் சேர்ந்தார். அங்கே கிடைத்த நண்பர் பிலிப் வெப். 1859 ஏப்ரலில் கல்யாணம். பெண் ஜேன் பர்டன், குதிரை லாயத் தொழிலாளியின் மகள். மாரிஸ் வீட்டார் ஒருவர்கூட கல்யாணத்துக்கு வரவில்லை.

பூசாத சுவர்

புது மனைவிக்காக வீடு கட்டினார். வெப் தனியாகப் பிளான் போட்ட முதல் வீடு அது. இடம் ஒரு பழத்தோட்டம். மரங்களை முடிந்தவரை வெட்டாமல் கட்டினார்கள்.

அந்தக் காலத்து வசதிக்காரர்கள் செங்கல் சுவரில் சாந்து பூசி, கல் வீடு மாதிரி காட்டிக்கொள்வார்கள். வெப் பூசவே இல்லை. செங்கல் செங்கல்லாகவே நின்றது. செங்குத்தான ஓட்டுக்கூரை. மூலைமட்டம் போல் மடங்கிய கட்டிடம். மடிப்பில் கிணறு. கிணற்றுக்கும் கூம்பு வடிவில் ஒரு கூரை! செலவு சுமார் 4 ஆயிரம் பவுன்.

1860-ல் குடியேறினார்கள். கடையில் விற்ற சாமான் எதுவும் மாரிசுக்குப் பிடிக்கவில்லை. நண்பர்கள் கூடி சுவரிலும் அலமாரியிலும் படம் வரைந்தார்கள். இதில் பிறந்த யோசனைதான் 1861-ல் தொடங்கிய அலங்காரப் பொருள் கம்பெனி.

ரெயில் அவதி

கம்பெனியோ லண்டனில். தினமும் ரெயில் பயணம். ரெயில் நிலையமும் வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை. 1864-ல் கடுமையான மூட்டுக் காய்ச்சல் வந்து படுத்தார். கூடவே வந்து குடியிருப்பதாக இருந்த ஓவிய நண்பர் பர்ன்-ஜோன்சுக்குக் குழந்தை இறந்தது. அவர் வரவில்லை. சுரங்க வருமானமும் சரிந்தது.

1865-ல் வீட்டைக் காலி செய்தார். மறுவருஷம் விற்பனை. பார்த்தால் மனசு தாங்காது என்று அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

சுரண்டாதே!

பழைய கோவில்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, சுவரைச் சுரண்டி, பாதியை இடித்து, இஷ்டத்துக்குக் கட்டுவது அப்போது இங்கிலாந்தில் வழக்கம். டியூக்ஸ்பரி தேவாலயத்துக்கும் அதே கதி வரப்போகிறது என்று அறிந்து கொதித்துப்போனார் மாரிஸ். 1877-ல் பழைய கட்டிடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். ஒழுகும் கூரையை அடை, சாயும் சுவருக்கு முட்டுக் கொடு, மற்றதைத் தொடாதே. இதுதான் சங்கத்தின் கொள்கை. சங்கம் இன்றும் இயங்குகிறது.

போலீஸ் கேசும் உண்டு. சோஷலிஸ்டாக மாறிய மாரிஸ், 1885-ல் கோர்ட்டில் நடந்த தகராறில் போலீஸ்காரரைத் தாக்கியதாகப் பிடிபட்டார். மாஜிஸ்டிரேட் விட்டுவிட்டார்.

1896 அக்டோபர் 3-ந் தேதி மாரிஸ் காலமானார். வயது 62.

வீடு தப்பியது

வீடு பல கை மாறியது. 1952-ல் டெட் ஹாலம்பி என்ற கட்டிட நிபுணரும் நண்பர்களும் வாங்கிக் குடியேறி, பழுது பார்த்தார்கள். 1999-ல் இறக்கும்வரை ஹாலம்பி அங்கேயே இருந்தார். 2003-ல் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. முதல் தரப் பாதுகாப்புக் கட்டிடம் என்பதால், அனுமதி இல்லாமல் யாரும் இடிக்கவோ மாற்றவோ முடியாது.

2013-ல் ஒரு அதிசயச் செய்தி வந்தது. மாரிசின் படுக்கை அறையில், பெரிய அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்த சுவரோவியம் வெளிப்பட்டது. ஆதாம், ஏவாள், நோவா எல்லாரும் கிட்டத்தட்ட ஆள் உயரத்தில் நிற்கிறார்கள். மாரிசும் நண்பர்களும் வரைந்தது!