உயிரணுவைப் படித்த ஓர் உத்தமர்: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

இவ்வருஷம் நம் பங்குப் பிள்ளைகளில் சிலர் மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்திருக்கிறார்கள். மருந்து செய்யவும் கொடுக்கவும் கற்க வந்த தங்களை, எடுத்த எடுப்பிலேயே தாவர உயிரணு, பிராணி உயிரணு என்று படம் வரையச் சொல்வது எதற்காக என்று அவர்களில் ஒருவர் ஞாயிறு பூசைக்குப் பிறகு கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பாடமாக விடை கூறுவதைவிட, ஒரு மனிதருடைய சரித்திரத்தைச் சொல்வது நலம் என்று தோன்றியது. அந்த மனிதர் அந்நிய நாட்டில் இறந்தவர். ஆனால் படித்தது நம் ஊரிலே. கோபாலபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள திருவல்லிக்கேணியின் தெருக்களில் புத்தகமும் கையுமாக நடந்தவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ம் வருஷம் ஜனவரி 12ந் தேதி, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தகப்பனார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் ஏழு பேர். தகப்பனார் நோயாளியாகி உத்தியோகத்தை விட்டதனால் வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதில் பையன், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். தாயார் விடவில்லை, பிடித்துக்கொண்டுவந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார் என்றும் சொல்வார்கள். அவனோ மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறினான். மூன்றாம் முறைதான், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினான். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் உலகமே முடிந்துவிட்டதாக எண்ணும் வாலிபர்கள் இதைக் கவனிப்பார்களாக.

கடற்கரையிலுள்ள பிரஸிடென்ஸி கல்லூரியில் படிக்கும்போது அவருக்குத் துறவியாக வேண்டுமென்ற ஆசை எழுந்தது. ராமகிருஷ்ண மிஷனை அணுகினார். தாயார் சம்மதிக்கவில்லை. வைத்தியம் படித்து ஜனங்களுக்குத் தொண்டு செய்யும்படி அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. அப்படியே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919ல் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். அது காந்தியடிகளின் இயக்கம் பரவிய காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சைக்குக் கதராடை அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாகத் தேறியிருந்தும், முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த பட்டமே கிடைத்தது. சர்க்கார் வைத்திய இலாகாவில் வேலையும் கிடைக்கவில்லை.

இதற்கிடையே பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது. அவருடைய சகோதரர் இருவர், சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். நோயின் பெயர் ஸ்ப்ரூ. தின்ற உணவு உடம்பில் ஒட்டாமல் வயிற்றாலே போய்விடும், இரத்தம் வற்றும், மனிதன் எலும்பும் தோலுமாகிச் சாவான். பிறகு அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. ஆயுர்வேத வைத்தியரான டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி அவரைப் பிழைக்க வைத்தார். அந்த வைத்தியர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சரீர அமைப்பு கற்பிக்கும் ஆசிரியராகவும் சேர்ந்தார். சகோதரர்களைக் கொன்ற நோய் எது, அதற்கு மருந்து எது என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை.

மாமனாரும் ஒரு தர்ம ஸ்தாபனமும் கொடுத்த பொருளுதவியோடு கப்பலேறி, 1922 அக்டோபரில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம் சேர்ந்தார். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் படித்து டிப்ளோமா பெற்றார். ஆனால் அங்கே வைத்தியத் தொழில் செய்ய அவருக்கு அனுமதியில்லை. ஆகவே வயிற்றுப்பாட்டுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேளைச் சிப்பந்தியாக வேலை பார்த்தார். வைத்தியம் படித்த அவர் அதைக் கேவலமாக நினைக்கவில்லை. பகலில் உயிர் ரசாயனப் பிரிவில் சைரஸ் பிஸ்கே என்பவரிடம் ஆராய்ச்சி செய்தார்.

இங்கே நம் மாணவர்கள் வரையும் அந்தப் படத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். செங்கல்லால் வீடு ஆனதுபோல, சரீரம் உயிரணுக்களால் ஆனது. தாவரங்கள் இவ்வாறு ஆனவை என்று ஷ்லைடன் 1838லும், பிராணிகளும் அப்படியே என்று ஷ்வான் 1839லும் எடுத்துக்காட்டினார்கள். இரண்டிலும் மெல்லிய சவ்வு உண்டு. நடுவே உட்கரு உண்டு. தாவர உயிரணுவுக்கு மட்டும் சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் என்னும் பொருளாலான கெட்டியான சுவர் உண்டு. முருங்கைக்கீரையின் காம்பு நிமிர்ந்து நிற்பதும், நம் தசை வளைந்து கொடுப்பதும் இதனால்தான். இலையின் உயிரணுவில் வெயிலைப் பிடித்து மாவுப்பொருள் செய்யும் பசுங்கணிகம் இருக்கிறது. நமக்கு அது கிடையாது. ஆதலால் நாம் சமைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் உணவை எரித்துச் சக்தி எடுக்கும் அடுப்பாகிய மைட்டோகாண்ட்ரியா இரண்டிலும் உண்டு.

அந்தச் சக்தி என்ன உருவத்தில் செலவாகிறது? அந்நாளில் ஒருவருக்கும் தெரியாது. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று பெரிய விஞ்ஞானிகள் நம்பினார்கள். பிஸ்கேயும் சுப்பாராவும் முதலில் சரீரத் திசுக்களில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறை கண்டார்கள். ரசாயனம் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறம் அடர்ந்தால் பாஸ்பரஸ் அதிகம். 1925ல் வெளியான அந்த முறையை, அவ்விருவர் பெயராலேயே, இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கற்பிக்கிறார்கள். அதைக்கொண்டு தசையைச் சோதித்து, 1927ல் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளையும், 1929ல் ஏ.டி.பி. என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே 1929ல் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டார்.

ஏ.டி.பி. என்பது உயிரணுவின் சில்லறைக் காசு. பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்பது நமக்குத் தெரியும். நாம் உண்ணும் சோறு அந்தப் பெரிய நோட்டு. அதை மைட்டோகாண்ட்ரியா ஏ.டி.பி. என்னும் சில்லறையாக மாற்றிக் கொடுக்கிறது. கண் இமைப்பதற்கும் இருதயம் துடிப்பதற்கும் அந்தச் சில்லறையே செலவாகிறது. உடம்பில் ஒரு வேளையில் இருக்கும் ஏ.டி.பி. மிகச் சொற்பம். ஆனால் செலவாவதும் திரும்ப உண்டாவதுமாக ஒரு நாளில் புரளும் அளவோ, ஏறக்குறைய மனிதனுடைய எடைக்குச் சமம். துளசிச் செடியிலும் தூங்கும் குழந்தையிலும் செலாவணியாவது இந்த ஒரே காசுதான் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940ல் அவர் நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிசாலைக்குப் போனார். அங்கே எடுத்துக்கொண்ட முக்கிய வேலை போலிக் அமிலம்.

இதற்கும் நம் நாட்டுக்கும் சம்பந்தமுண்டு. லூஸி வில்ஸ் என்ற ஆங்கில வைத்தியப் பெண்மணி, பம்பாயிலே கர்ப்பிணிகளுக்கு வந்த இரத்தசோகை ஈஸ்டின் சாரத்தால் குணமாவதை 1931ல் வெளியிட்டிருந்தார். ஈஸ்டிலுள்ள எந்தப் பொருள் குணப்படுத்தியது என்பது தெரியவில்லை. 1941ல் டெக்ஸாஸ் விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து, அதிலிருந்து ஒரு பொருளைச் செறிவாக்கி, இலைக்குரிய லத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். சுப்பாராவின் குழுவினர் பிராணிகளின் ஈரலிலிருந்து அதைப் பிரித்து, 1945ல் ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகச் செய்துவிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் தலைவராகிய அவருடைய பெயர், பல பெயர்களுக்கு நடுவே ஒன்றாக நின்றது.

போலிக் அமிலத்தின் வேலை என்ன? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.யை இரட்டித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும், சில நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் குடலின் உள்தோலும் ஓயாமல் பிரிகிற உயிரணுக்களால் ஆனவை. அது குறைந்தால் முதலில் வாடுவன இவ்விரண்டுமே. ஸ்ப்ரூ நோயில் குடல் சத்தைப் பிடிக்காததால் போலிக் அமிலம் குறைகிறது, அது குறைவதால் குடல் மேலும் நைகிறது, இரத்தமும் வற்றுகிறது. தம் சகோதரர்களின் உடலில் நடந்தது என்ன என்பதற்கு, சுப்பாராவ் இங்கேதான் ஒரு விடை கண்டார்.

சாவியை அறிந்தவருக்குக் கள்ளச் சாவி செய்யவும் தெரியும். இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. போலிக் அமிலம்போலத் தோற்றமளித்து, அதன் இடத்தை அடைத்துக்கொண்டு, உயிரணு பிரிவதைத் தடுக்கும் பொருள்களை இவருடைய குழுவினர் செய்தனர். அவற்றில் அமினோப்டெரினை, பாஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தணிந்தது. தணிவு தற்காலிகந்தான். ஆயினும், மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்று 1948ல் உலகம் முதன்முதலாக அறிந்தது. அதன் தம்பி போன்ற மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

யானைக்கால் புழுவின் குஞ்சுகளை இரத்தத்திலிருந்து நீக்கும் ஹெட்ராசன் மருந்தும் 1947ல் இதே ஆராய்ச்சிசாலையிலிருந்து வந்தது. டி.இ.சி. என்ற பெயரால் நம் நாட்டில் கொடுக்கப்படும் மாத்திரை அதுவே. வீங்கிய காலை அது சுருக்காது. ஆனால் கொசு வழியே நோய் அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கும்.

இன்னொன்று ஆரியோமைசின். பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியல் பேராசிரியர் ஓய்வு பெற்றபின் சுப்பாராவிடம் வேலைக்குச் சேர்ந்தார். மிஸௌரி நாட்டு மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பொன்னிறமான இம்மருந்தை அவர் கண்டார். 1948ல் வெளியான இதுவே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1994ல் சூரத்தில் பிளேக் பீதி எழுந்தபோது ஜனங்கள் தேடி ஓடியது இக்குடும்பத்து மருந்தைத்தான்.

அந்த மாணவரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கிருமியும் ஓர் உயிரணு, நாமும் உயிரணுக்கள். மருந்து கிருமியைக் கொன்று நம்மை விட்டுவிடுவது எப்படி? இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தில் அடிப்பதால்தான். கிருமிக்குச் சுவர் உண்டு, நமக்கில்லை. பெனிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. தாவரத்துக்கும் சுவர் உண்டு, ஆனால் அது வேறு பொருளாலானது. கிருமி தனக்கு வேண்டிய போலிக் அமிலத்தைத் தானே செய்துகொள்கிறது, நாமோ கீரையிலும் பயறிலும் பெறுகிறோம். சல்பா மருந்துகள் கிருமியின் அந்தத் தொழிலைக் கெடுக்கின்றன. புரதம் செய்யும் ரைபோசோம் இரு சாராருக்கும் உண்டு, அமைப்பு வேறு. டெட்ராசைக்ளின் கிருமியினுடையதையே முக்கியமாகப் பற்றுகிறது. புற்றுநோயிலோ பகைவனும் நம் வீட்டுப் பிள்ளையே. வித்தியாசம் சொற்பம், ஆகவே அம்மருந்துகள் நம்மையும் வாட்டுகின்றன.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டு மாதத்தில், ஐம்பத்துமூன்றாம் வயதில், மாரடைப்பினால் உறக்கத்திலேயே இறந்தார். 1922ல் பிரிந்த மனைவியை அவர் மறுபடி காணவேயில்லை. தாய்நாடு சுதந்திரம் பெற்றதை அறிந்தார், திரும்பி வரவில்லை. அமெரிக்கப் பிரஜையாகவும் ஆகவில்லை. மனைவி இங்கே கால்நூற்றாண்டு காத்திருந்ததையும் நாம் மறைக்கலாகாது. பெரியோர் சரித்திரத்தில் பிறர் சுமந்த பாரமும் சேர்ந்தே இருக்கிறது. 1953ல் ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார்கள். 1995ல் இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஆனால் அவருக்கு மெய்யான நினைவுச்சின்னம் வேறு. அவருடைய சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்ப்ரூ நோய்க்கு இன்று வைத்தியர்கள் கொடுப்பது இரண்டு மருந்துகள்: ஒன்று போலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்து. இரண்டும் அவர் தலைமை வகித்த ஆராய்ச்சிசாலையிலிருந்து பிறந்தவை.

மருந்தாளுநராகப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுக்கும்போது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். அதை அறியாமல் தினந்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அதன் தொல்லையைத் தணிக்க வேறு நாளில் போலிக் அமிலமும் கொடுப்பார்கள். இரண்டும் சின்ன மாத்திரைகள். ஒன்று உயிரணுவைப் பிரியச் செய்வது, மற்றது பிரியாமல் தடுப்பது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி நாளை உங்கள் கடைக்கு வந்து நிற்பார். எது என்றைக்கு என்று அவருக்கு இருமுறை நிதானமாகச் சொல்லி, உறையின்மேல் கிழமையையும் எழுதிக் கொடுங்கள். அதற்காகத்தான் அந்தப் படத்தை வரையச் சொல்கிறார்கள்.